நம்பிக்கையும் ஒரு மருந்தே

(மூன்றாம் ஆண்டு பொருளியல் மாணவி ஒருத்தியின் கருத்து)

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் வாக்கு. காய்ச்சல் வந்தது, கஷாயம் குடித்தோம், மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போனோம் என்றிருந்த காலத்திற்கு அது பொருந்தும். இன்றோ நம் வீடுகளில் குடியேறியிருக்கும் நோய்கள் மூன்று நாளில் விடைபெறும் விருந்தாளிகள் அல்ல. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் ஆகியவை வந்தால் வாழ்நாள் முழுதும் உடனிருப்பவை. அதிலும் ஒன்று தனியே வருவதில்லை. தன் உறவினரையும் கையோடு அழைத்து வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று அது கூறுகிறது. இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் இக்கணக்கில் இருப்பார் என்பதில் ஐயமில்லை. என் வீட்டில் இருக்கிறார். அவர் என் தந்தை.

நோய்க்கு மருந்து உண்டு. அரசு அதனை விலையின்றித் தருகிறது. கற்றறிந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருந்தும் நோய் ஏன் அடங்குவதில்லை? மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே வேறொன்று தேவைப்படுகிறது. அதற்கு நம்பிக்கை என்று பெயர். அது இல்லாதபோது நல்ல மருந்தே நஞ்சாகவும் மாறக்கூடும். இதை நான் நூலகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கண்டு அறிந்தேன்.

ஏரியும் எங்கள் பாடும்

பழவேற்காடு என்றதும் பூநாரைகளும், டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கோட்டையும், அவர்தம் கல்லறைகளும் பலருக்கு நினைவுக்கு வரும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே என்று புவியியல் மாணவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது சோறு போடும் ஏரி. இறால், நண்டு, மடவை என்று ஏரி கொடுப்பதைக் கொண்டே குப்பங்கள் வாழ்கின்றன.

இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இறால் வரும் இடங்களை உரிமையுடையோர் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒருவர் பாடு என்றால் நாளை மற்றவர் பாடு. தம் பாட்டு நாளைத் தவறவிட்டவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 'பாடு' என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் தமிழில் பொருள் உண்டு. இரண்டு பொருளும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே குடியிருந்தன.

என் தந்தையை நாங்கள் 'நைனா' என்றே அழைப்போம். பத்தாண்டுகளுக்கு மேலாக அவருக்கு நீரிழிவு. பிறகு இரத்தக் கொதிப்பு வந்தது. பிறகு காலில் ஆறாத புண். கிளிஞ்சல் கிழித்ததே அவருக்குத் தெரியவில்லை. சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்றார்கள். மாத்திரை போதாது என்று காலையும் இரவும் இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். எங்கள் குப்பத்துக்கு வெளியே, பேருந்தில் ஏறிப் போக வேண்டிய ஒரு மருத்துவமனையில் இந்த ஏற்பாடெல்லாம் நடந்தது. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான் இது.

வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் அங்கே நீரிழிவுக்குப் பார்ப்பார்கள். அந்த நாளும் பாட்டு நாளும் ஒன்றாக வந்தால் நைனா ஏரிக்குத்தான் போவார். அடுத்த முறை சென்றதும் முதல் கேள்வி, "ஏன் போன வாரம் வரல? உனக்கு அக்கறை இருந்தாத்தானே?" என்பதாக இருக்கும். கேட்டவர் நைனாவைவிட இருபது வயதாவது இளையவர். அவர் கெட்டவர் அல்லர். வாசல்வரை நீண்டிருந்த வரிசையை நானே கண்டேன். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தாரோ என்னவோ! ஆனாலும் அந்தக் கேள்விக்கு நைனா ஒருபோதும் பதில் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க ஐயா" என்பார். பாடு என்றால் என்ன என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

ஒரு பொய்யும் ஒரு பெட்டியும்

இனி நான் எழுதப்போவது என் குற்றத்தை.

ஊசி தவறாமல் போடப்படுகிறதா என்று பார்க்க மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். காலை, இரவு என்று கட்டங்கள். போட்டால் ஒரு குறி இட வேண்டும். வீட்டில் படித்தவள் நான்; ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பாட்டுக்குப் போகும் இரவுகளில் நைனா ஊசி போட்டுக்கொள்வதில்லை. நான் வற்புறுத்தினால், "போட்டா சாப்புடணும். தண்ணியில எப்ப சாப்புடறதுன்னு தெரியுமா? தலை சுத்தும்மா" என்பார். எனக்கோ தாளில் வெற்றுக் கட்டம் இருந்தால் மறுநாள் அவர் திட்டு வாங்குவாரே என்ற கவலை. ஆகவே போடாத இரவுகளுக்கும் குறி இட்டேன். ஒரு கட்டமும் காலியாக இல்லாத அழகான தாளை மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பாராட்டினார்.

ஆனால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கவே இல்லை. தாளோ ஊசி தவறாமல் போடப்படுகிறது என்கிறது. சோதனையோ சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறது. மருத்துவர் என்ன செய்வார்? அளவைக் கூட்டினார். அடுத்த மாதம் மறுபடியும் கூட்டினார். "வாயைக் கட்டு, இல்லன்னா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று கடிந்தும் சொன்னார்.

இதில் எவரும் அறியாத இன்னொன்றும் இருந்தது. மருந்துக் குப்பியைக் கொடுத்தபோது, "குளிர்ச்சியான இடத்துல வைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது? இறாலுக்கு ஐஸ் கொட்டி வைக்கும் பெட்டிதான்! நைனா அந்தக் குப்பியைப் பத்திரமாகச் சுற்றி ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்தார். சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்தார். இன்சுலின் உறைந்துவிட்டால் அதன் வீரியம் கெட்டுவிடும் என்பதும், பிறகு உருகினாலும் அது மருந்தாகாது என்பதும் எங்களுக்குத் தெரியாது. சொன்னவரும் எங்கே வைப்பாய் என்று கேட்கவில்லை. ஆக, மாதக் கணக்கில் நைனா ஊசியின் வலியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார், மருந்தைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் ஐஸ் வண்டி வரவில்லை. அம்மா புதிய குப்பியை அடுப்படி மூலையில், ஈர மணலின் மேல் வைத்த பானையோரம் வைத்தார். மருந்து கெடாமல் இருந்தது. அன்று பாட்டு இரவு. போன முறை வாங்கிய திட்டு எனக்கு உறைத்திருந்தது. நான் அழுது அடம்பிடித்து, கூட்டிய அளவை முழுதாக நைனாவைப் போட்டுக்கொள்ள வைத்தேன். அவர் சாப்பிடாமலே படகேறினார்.

நள்ளிரவில் ஏரி நடுவே அவருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. உடன் இருந்த சித்தப்பா முதலில் குடித்திருக்கிறார் என்று எண்ணிக் கோபப்பட்டாராம். பிறகு ஏதோ தோன்றி, குடுவையில் இருந்த சர்க்கரை போட்ட தேநீரை வாயில் சிறிது சிறிதாக ஊற்றியிருக்கிறார். அந்தத் தேநீர் அன்று நைனாவின் உயிரைக் காத்தது. அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்த டீக்கடைக்காரருக்குத் தாம் செய்தது இன்னும் தெரியாது.

கேள்வி கேட்ட அக்கா

நான்கு நாள் கழித்து எங்கள் குப்பத்துக்கு ஒரு அக்கா வந்தார். தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் கீழ் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர் அவர். இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்து, மாத்திரை கொடுத்துப் போவார். படுக்கையில் இருப்போருக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் இத்திட்டத்தில் வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயிற்றின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான பைகளும் வீட்டுக்கே வருகின்றன. 2024-ஆம் ஆண்டு இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

அந்த அக்கா பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஏன் போடல?" என்று அவர் கேட்கவில்லை. "அண்ணா, பாட்டுக்குப் போற அன்னிக்கு எப்ப சாப்புடுவீங்க?" என்று கேட்டார். பிறகு, "ஊசி மருந்த எங்க வெச்சிருக்கீங்க அண்ணி? கொஞ்சம் காட்டுங்க" என்றார். இரண்டே கேள்விகள். பல மாதப் பொய் அந்தத் திண்ணையில் அவிழ்ந்து விழுந்தது. அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். நைனா படகில் நடந்ததைச் சொன்னார். உடல் வலிக்கு என்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளைக்கூட மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அவ்வகை வலி மாத்திரைகளில் பல, தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை என்று அன்றுதான் நாங்கள் அறிந்தோம். நான் என் தாளை எடுத்து வந்து, பொய்க் குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அக்கா எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, அடுத்த முறை எங்களோடு மருத்துவமனைக்கே வந்தார். மருத்துவர் படித்துப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, பெரியவரே" என்றார். அன்றுதான் 'நீ' போய்ப் 'பெரியவரே' வந்தது. நைனா சொன்ன பதில்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ஐயா."

மருந்தளவு குறைந்தது. பாட்டு இரவுகளுக்குத் தனி ஏற்பாடு எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை நின்றது. அவருடைய கால் இன்றும் இருக்கிறது.

குற்றம் யாருடையது?

மருத்துவர் கேட்காததா குற்றம்? நோயாளி சொல்லாததா குற்றம்? இக்கேள்வியை நான் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

'வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே' என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் உண்மை சொன்னால் திட்டு விழும் என்றால் யார்தான் சொல்வார்? பொய் சொல்வது நோயாளியின் குணம் அன்று. அது அந்த அறையின் குணம். உலக நல நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்கிறது. படித்தவரும் பணக்காரரும் நிறைந்த நாடுகளில் நிலை இதுவென்றால், 'படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை' என்று நம் மக்களை மட்டும் பழிப்பது எந்த வகையில் நியாயம்?

பொருளியல் மாணவி என்பதால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஒரு முறை, முறைக்கு ஐந்து நிமிடம் மருத்துவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 நிமிடம். அதாவது ஒரு மணி நேரம். ஓராண்டில் 8,760 மணி நேரம் உண்டு. மீதி 8,759 மணி நேரமும் தமக்குத் தாமே மருத்துவர் அந்த நோயாளிதான். எப்போது ஊசி போடுவது, என்ன உண்பது, காலில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பே. அந்த ஒரு மணி நேரத்தை அதட்டலில் கழித்தால், மீதி 8,759 மணி நேரத்தில் நடப்பது மருத்துவருக்குத் தெரியாமலே போகும்.

ஆகவே நம்பிக்கை என்பது பயபக்தி அன்று. கைகட்டி நின்று "சரிங்க ஐயா" என்பதை நம்பிக்கை என்று நாம் தவறாக எண்ணுகிறோம். "ஐயா, நீங்க சொன்னதை என்னால செய்ய முடியல" என்று நோயாளி அச்சமின்றிச் சொல்ல முடிகிற நாளில்தான் அங்கே நம்பிக்கை பிறந்தது என்று பொருள். அது ஒருவழிப் பாதையும் அன்று. நோயாளி மருத்துவரை நம்பினால் போதாது. மருத்துவரும் நோயாளியை நம்ப வேண்டும். நைனா பாட்டு இரவில் ஊசியைத் தவிர்த்தது அறியாமை அன்று. உணவில்லாமல் இன்சுலின் போட்டால் ஆபத்து என்பதைத் தம் உடம்பிலேயே கற்றவர் அவர். அந்த அறிவை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. படித்த மகளாகிய நானும் வாங்கவில்லை.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

நெடுநாள் நோயாளியை அவர் வீட்டில் வைத்தே காக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் நம் சென்னை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், ஓய்வும் சத்துணவும் இல்லையேல் பிழைப்பில்லை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. சென்னையின் ஏழைகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும், மறு பகுதியினரை நெருக்கடி மிகுந்த அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தோருக்குச் சமமாகவே குணமடைந்தார்கள்! அன்றிலிருந்து உலகின் காசநோய் மருத்துவமே திசை திரும்பியது. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்தைக் கொடுத்துவிட்டு 'இனி உன் பாடு' என்று அவர்கள் கைகழுவிவிடவில்லை. வீடு தேடிச் சென்றார்கள். முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததும் உண்டு. எண்ணுவது தவறன்று. ஆனால் எண்ணிக்கை, நோயாளி மருந்தைத் தவறவிட்டதை மட்டுமே காட்டும். ஏன் தவறவிட்டார் என்பதைக் காட்டாது. என் தாளும் ஓர் எண்ணிக்கைதான். அது எவ்வளவு அழகாகப் பொய் சொன்னது!

வேலூரில் இன்னொரு பாடம் உண்டு. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியில் பணியில் சேர்ந்தவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு அற்றுப் போனதால் அவர்கள் அறியாமலே படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். கைகளைச் சீர்செய்ய அறுவை செய்தார். ஆயினும் அந்தக் கை நிலைக்க வேண்டுமானால் நோயாளி நாள்தோறும் தம் கையையும் காலையும் உற்றுப் பார்த்துக் காக்க வேண்டும். பிற்காலத்தில் அமெரிக்காவில் பணியாற்றியபோது நீரிழிவால் உணர்விழந்த கால்களுக்கும் இதே அறிவு பயன்பட்டது. என் தந்தையின் காலில் கிளிஞ்சல் கிழித்தது தெரியாமல் போனதும் இதனால்தான். எவ்வளவு பெரிய அறுவை மருத்துவரானாலும், நாள்தோறும் நம் வீட்டுக்கு வந்து நம் பாதத்தைப் பார்க்க முடியுமா? நோயாளியைத் தம் தொழிலில் பங்காளி ஆக்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

சில தடைகளும் சில வழிகளும்

'ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவருக்கு உட்கார்ந்து கதை கேட்க நேரம் ஏது?' என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் எங்கள் வீட்டுச் சிக்கலை அவிழ்த்தவை இரண்டு கேள்விகள் அல்லவா? அவற்றைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவற்றை மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. ஊசி கொடுக்கும் செவிலியர் கேட்கலாம்; மருந்து கொடுப்பவர் கேட்கலாம்; வீட்டுக்கு வரும் தன்னார்வலர் கேட்கலாம். ஆனால் கேட்டறிந்தது மருத்துவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது தடை, பல நோய் உடையோரின் தடை. கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு. நைனாவின் மஞ்சள் பையில் ஐந்து சீட்டுகள் இருந்தன. ஒன்றில் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஐந்து பேர் ஐந்து துடுப்பை ஐந்து திசையில் போட்டால் படகு எங்கே போகும்? சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்கும். ஐந்து சீட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஒருவராவது வேண்டும். 'இவர் என் நோயாளி' என்று அவர் சொல்ல வேண்டும்; 'இவர் என் டாக்டர்' என்று நோயாளியும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடை, முகங்கள் மாறிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்ல எந்த நோயாளிக்கும் மனம் வராது. எங்கள் ஏரியில் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துவிட்டால் கடல் நீர் உள்ளே வராது, இறாலும் வராது. மறுபடியும் அதைத் தோண்டித் திறக்க வேண்டியிருக்கும். நம்பிக்கையும் அப்படித்தான். ஒருவர் பேசிப் பழகித் திறந்த வழியை, இடமாற்றம் என்னும் மணல் வந்து மூடிவிடுகிறது. இடமாற்றம் தவிர்க்க முடியாதது என்றால், போகிறவர் வருகிறவரை அழைத்து வந்து, 'இவர் பாட்டுக்குப் போகிறவர். இரவில் உணவு தாமதமாகும்' என்று அறிமுகம் செய்துவிட்டுப் போகலாம் அன்றோ? குறிப்பேட்டில் சர்க்கரை அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அவர் தொழில் என்ன, எப்போது உண்பார், மருந்தை எங்கே வைப்பார் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தால் என்ன?

வீட்டுக்கு வரும் தன்னார்வலர்களை நாம் பெரிதாக மதிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மாத்திரைக்காரம்மா' என்று கூப்பிடுகிறவர்களே மிகுதி. அவர்களோ திண்ணையில் அமர்ந்து உண்மையைக் கேட்டு வாங்குகிறவர்கள். அவர்களுக்கு உரிய ஊதியமும் பயிற்சியும், மருத்துவரோடு நேரே பேசும் உரிமையும் இருக்க வேண்டும். எங்கள் அக்கா அந்தக் காகிதத்தோடு மருத்துவமனைக்கு வந்தது அவருடைய பெருந்தன்மை. அது பெருந்தன்மையாக இருக்கக் கூடாது. கடமையாகவும் உரிமையாகவும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாம் செய்ய வேண்டியது

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் வகுத்துச் சொல்கிறார். மிகப் பழமையுடைய நூலில் அருகிருப்பவருக்கும் சமமான இடம் இருக்கிறது! அந்த நான்காமவர் யார் என்று தேடினால், அது பல வீடுகளில் நாம்தான், தோழர்களே. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய நம்மிடம்தான் சீட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். பெட்டியைப் பிடிக்கச் சொல்கிறார்கள். தாளில் குறி இடச் சொல்கிறார்கள்.

நமக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. ஐந்து சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, போகும் இடமெல்லாம் எடுத்துச் செல்லலாம். கடையில் வாங்கும் மாத்திரையையும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் காட்டச் சொல்லலாம். புரியாததை, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலியாக இருக்க வேண்டிய கட்டத்தைக் காலியாகவே விடலாம். திட்டு விழுந்தால் விழட்டும். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்து நல்ல மருத்துவர் ஒருவர், 'ஏன்?' என்று ஒரு நாள் கேட்பார். நான் கட்டங்களையெல்லாம் நிரப்பி, அந்தக் கேள்வி பிறக்கவிடாமலே செய்துவிட்டேன்.

அது போலவே மருத்துவம் பார்ப்போருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறார் நோயாளி. சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள் நீங்கள். இருவரில் முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார்? நாற்காலியில் அமர்ந்திருப்பவர்தான் என்று நான் நினைக்கிறேன். நிற்பவருக்கு அச்சம் இருக்கிறது. அமர்ந்திருப்பவருக்கு அது இல்லை.

நைனா இப்போதும் பாட்டுக்குப் போகிறார். மருந்துக் குப்பி ஈர மணல் பானையோரம் இருக்கிறது. கட்டம் போட்ட தாளை இப்போது அவரே எடுத்து வைத்துக்கொள்கிறார். எழுதத் தெரியாவிட்டாலும் குறி இடத் தெரியும் என்கிறார். பாட்டு இரவுகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு காலம் நான் கொடுத்த தாள்களைவிட இதுவே நல்ல தாள் என்று எனக்குத் தோன்றும்.